நிழலுக்கு முகம் தரும் சுடர்

தட்கேம்கம்பெனி நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட்' என்னும் இணையவழித் திறந்தவெளி விளையாட்டில், அதாவது பலர் ஒரே வேளையில் புகுந்து விரும்பிய திசையில் உலவக்கூடிய கற்பனை உலகில், முன்பின் அறியாத ஆட்டக்காரர் முதலில் முகமற்ற நிழலுருவாகவே தென்படுகிறார். ஒருவர் மெழுகுவர்த்தியை நீட்ட, மற்றவரும் தம் சுடரை அதனோடு சேர்த்த பின்னரே முகமும் உடையும் துலங்குகின்றன. நட்பானதும் ஒருவருக்கு மற்றவரே ஒரு பெயர் சூட்டுகிறார். வீட்டில் செல்லப்பெயர் வைப்பதை ஒத்த இந்த ஏற்பாடுதான் இவ்விளையாட்டின் பேரழகு. பழகியவர் புதியவரின் கையைப் பற்றி மேகங்களூடே பறக்கையில், புதியவர் எதையும் இயக்காமலே உடன் செல்கிறார். அறிமுகமற்ற இருவர் பேச விரும்பினால் ஒரு பலகையில் சேர்ந்து அமர்கின்றனர். எழுந்தால் உரையாடல் நின்றுவிடும் என்பதால், சொல்லித் தீராத கதையுள்ளவர்கள் நெடுநேரம் எழுவதேயில்லை.