வி.பி. மேனனின் சமஸ்தான இணைப்பு வரலாறு: சில குறிப்புகள்

இந்திய சமஸ்தானங்களின் இணைப்பு பற்றி வி.பி. மேனன் எழுதிய புத்தகத்தை யார் மேற்கோள் காட்டினாலும், முதலில் ஜோத்பூர் துப்பாக்கிக்குத்தான் போகிறார்கள். மவுண்ட்பேட்டன் அறையை விட்டு வெளியே போனதும் இளம் மகாராஜா ஹன்வந்த் சிங் துப்பாக்கியை எடுத்து மேனனை மிரட்டிய சம்பவம். நல்ல சம்பவம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேனனே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். நாமதான் இன்னும் அங்கேயே நிற்கிறோம். படேலை இரும்பு மனிதராகக் காட்டுகிற மேடைப் பேச்சுக்கு இந்த மாதிரிக் காட்சிகள் வசதி. அந்தக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் படித்தால் இது வேற மாதிரிப் புத்தகம்.

1956-ல் வெளிவந்தது. ஆட்சி மாற்றத்தைப் பற்றி ஒன்று, சமஸ்தானங்களைப் பற்றி ஒன்று என்று இரண்டு புத்தகங்கள் எழுத வேண்டும் என்பது படேலின் ஆசை. மேனன் இரண்டாவதை முதலில் எழுதினார். மற்றது 1957-ல் வந்தது. ஒட்டப்பாலம் பக்கத்துக்காரர். ஐ.சி.எஸ். கிடையாது. கீழ்நிலையில் சேர்ந்து வைஸ்ராய்களுக்கு அரசியல் சட்ட ஆலோசகராகும் அளவுக்கு ஏறிவந்தவர். எழுத்திலும் கோப்பு எழுதிப் பழகிய கை தெரிகிறது. தேதி, கடிதம், பதில், முடிவு. அலங்காரம் கம்மி. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், 1947 சுதந்திரச் சட்டப்படி சமஸ்தானங்கள் மீதிருந்த பிரிட்டிஷ் மேலாதிக்கம் புது அரசாங்கத்துக்குக் கைமாறவில்லை. ஆகஸ்ட் 15 அன்று அது அப்படியே காலாவதியானது. 550-க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள். அவற்றுக்கான இலாகா தொடங்கியது ஜூலை 5-ல்தான். இருந்தது ஆறு வாரத்துக்கும் குறைவான அவகாசம். அதனால்தான் இணைப்புப் பத்திரத்தில் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்று மூணே விஷயம் வைத்தார்கள். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். பாடப்புத்தகத்தில் கதை இத்தோடு முடிந்துவிடும். மிச்சம் காஷ்மீர், ஜூனாகத், ஹைதராபாத் என்று மூன்று பெயர்கள் மட்டும்.

ஆனால் கையெழுத்து வாங்குவது வேற, அரசாங்கம் நடத்துவது வேற. புத்தகத்தின் பிற்பகுதியை யாரும் சீண்டுவதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது. கத்தியவாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிசும் சிறிசுமாக 222 சமஸ்தானங்கள், எஸ்டேட்டுகள். அதில் ஒரு சதுர மைல்கூட இல்லாதவையும் உண்டு. சுங்கம், வரி, கோர்ட்டு, போலீஸ் எல்லாம் தனித்தனி. 1948 பிப்ரவரியில் இவற்றைச் சேர்த்து சௌராஷ்டிரம் என்று ஒரு மாநிலம் தொடங்கியாயிற்று. சரி, அந்த அலுவலர்களையெல்லாம் எந்தச் சம்பள விகிதத்தில் சேர்ப்பது? சுங்கச்சாவடியை எடுத்துவிட்டால் கஜானாவுக்கு என்ன வழி? வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு இந்த நிதிக் கணக்கைப் போட்டு, 1950 ஏப்ரல் 1 முதல் சமஸ்தானப் பகுதிகளும் மற்ற மாகாணங்களைப் போல மத்திய நிதி அமைப்புக்குள் வந்தன. இந்தப் பக்கங்களில் சுவாரசியம் குறைவுதான். ஒரு தேசிய அரசாங்கம் எப்படி உண்டானது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மன்னர் மானியத்தையும் மேனன் இதே கணக்காகத்தான் பார்க்கிறார். ஒரிசா, சத்தீஸ்கர் பக்கத்துச் சமஸ்தானங்களுக்கு வகுத்த விகிதம்: ஆண்டு வருமானத்தில் முதல் லட்சத்துக்கு 15 சதவீதம், அடுத்த 4 லட்சத்துக்கு 10, அதற்கு மேல் 7½, உச்சவரம்பு 10 லட்சம். (நிஜாம் வாங்கியது 50 லட்சம், வரம்பு எல்லாருக்கும் இல்லை.) இதை லஞ்சம் என்பவர்களும் உண்டு, மன்னர்களின் தியாகத்துக்கு ஈடு என்பவர்களும் உண்டு. ராஜ்ஜியத்தையே கொடுத்தவருக்கு இது மலிவு விலை என்பது மேனன் கட்சி. கணக்கில் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த விலையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்து, பின்னால் வருகிற நாடாளுமன்றங்களின் கையையும் கட்டியதைப் பற்றி அவருக்குக் கேள்வியே இல்லை. 1971-ல் 26-வது திருத்தம் வந்து அதை நீக்கியபோது அவர் உயிரோடு இல்லை.

என் பெரிய குறை வேற. இந்தப் புத்தகத்தில் மன்னர்கள் பேசுகிறார்கள், திவான்கள் பேசுகிறார்கள், அதிகாரிகள் பேசுகிறார்கள். மக்கள் 'நிலைமை'யாக மட்டுமே வருகிறார்கள். ஒரிசாவில் நீலகிரி (நம்ம மலை இல்லை, சின்ன சமஸ்தானம்) பிரஜா மண்டலக் கிளர்ச்சியால் கொந்தளித்தது. 1947 நவம்பரில் நிர்வாகத்தை மாகாண அரசு ஏற்க வேண்டியதாயிற்று. டிசம்பரில் படேலும் மேனனும் கட்டாக்குக்குப் போய் மன்னர்களிடம் ராஜ்ஜியத்தையே கேட்கிற துணிச்சல் வந்ததற்கு இந்தக் கிளர்ச்சிகளும் காரணம். மேனன் இதை மறைக்கவில்லை. ஆனால் அவருக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

இந்தப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஹைதராபாத்தில் தெரிகிறது. 1948 செப்டம்பர் 13-ல் ராணுவம் நுழைந்து ஐந்தே நாளில் வேலை முடிந்தது. அந்த நாட்களில் இந்தியா முழுக்க ஒரு மதக்கலவரம்கூட நடக்கவில்லை என்று மேனன் பெருமையோடு குறிப்பிடுகிறார். 'அந்த நாட்களில்' என்று வரம்பு கட்டியதை வாசகர் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னால் ரஜாக்கர்கள் செய்த கொடுமைகள் புத்தகத்தில் வருகின்றன, வரவும் வேண்டும். பிற்பாடு உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் மாவட்டங்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் அதே கதையின் அடுத்த பக்கம்தானே? விசாரிக்க பண்டிட் சுந்தர்லால் குழுவை அனுப்பியது இந்திய அரசுதான். குறைந்தபட்சக் கணக்காகவே 27,000 முதல் 40,000 பேர் இறந்திருக்கலாம் என்றது அந்தக் குழு. அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. சுங்கச்சாவடிக் கணக்கை அவ்வளவு கவனமாகச் சொல்பவர் இந்தக் கணக்கைச் சொல்லாமல் போவதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே ஹைதராபாத்தில் அதற்கப்புறம் நடந்தது, மேனன் ஒழுங்காகச் சொல்லிப்போகிற 'நிர்வாகச் சீரமைப்பு' என்பதன் இன்னொரு முகம். முதலில் ராணுவ கவர்னர் ஜே.என். சௌத்ரி. 1950-ல் முதலமைச்சர் நாற்காலியில் எம்.கே. வெல்லோடி, ஐ.சி.எஸ். அதிகாரி. தேர்தல் வழியாக ஒரு முதலமைச்சர் வந்தது 1952-ல்தான். இதற்கிடையில் மெட்ராஸ் மாகாணம் முதலான இடங்களிலிருந்து அதிகாரிகளும் போலீஸும் வந்து இறங்கினார்கள். டில்லிக்கு அது ஆள் பற்றாக்குறைக்கு ஒரு தீர்வு. அங்கே படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவனுக்கு அவன் வெளியூர்க்காரன். 1952 செப்டம்பரில் முல்கி கிளர்ச்சி வெடித்து, ஹைதராபாத் நகரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1969-ல் தனித் தெலங்கானா கேட்டவர்களும் இதே முல்கி விதிகளைத்தான் கையில் எடுத்தார்கள்.

புத்தகம் வந்த அதே 1956-ல், நவம்பர் 1 அன்று, ஹைதராபாத் மாநிலமே மொழிவாரியாக மூன்றாகப் பிரிந்தது. மேனன் கட்டிய சௌராஷ்டிரமும் அன்றைக்கே பம்பாயோடு சேர்ந்தது. ராஜப்பிரமுகர் பதவிகளும் ஒழிந்தன.

படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஜூனாகத், காஷ்மீர் பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காஷ்மீர் விஷயத்தில் மேனன் தரும் கால வரிசையே சர்ச்சைக்குரியது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். முதலில் நிர்வாகம், நிதி பற்றிய அத்தியாயங்களை முடித்துவிட்டு ஹைதராபாத்துக்குப் போங்கள், சுந்தர்லால் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.