ஈவ்லின் ஏன் கப்பலேறவில்லை?

போவதா, இருப்பதா என்னும் கேள்வி இன்று எமது வகுப்பறைகளிலே பாடத்திற்கும் மேலாக நிற்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில் இரவிரவாக மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் தேடி வெளிநாடு சென்றனர். போகின்றவரைத் துரோகி என்றும், போகாதவரைக் கோழை என்றும் தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். அத்தீர்ப்புக்கு முன்னர், இதே கேள்வியைப் பொருளாகக் கொண்ட பழைய சிறுகதை ஒன்றை மீண்டும் படித்துப் பார்ப்பது பயனுடையது என எண்ணுகின்றோம்.

ஜேம்ஸ் ஜொய்சின் ‘ஈவ்லின்’ 1904 செப்டெம்பரில், அயர்லாந்தின் விவசாயக் கூட்டுறவு இயக்கத்தைச் சார்ந்த வார இதழொன்றில் வெளிவந்தது. 1914இல் ‘டப்ளினர்கள்’ தொகுதியில் இடம்பெற்றது. பத்தொன்பது வயது கடந்த ஒரு பெண் யன்னலருகே அமர்ந்திருக்கின்றாள். பிராங்க் என்னும் மாலுமி அவளை மணந்து புவனஸ் அயர்சுக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்துள்ளான். அன்றிரவே கப்பல். துறைமுகம் வரை வருகின்ற அவள், இறுதிக் கணத்தில் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றாள்.

இதனை மனத்திண்மையற்ற ஒரு பெண்ணின் கதையாகவே பலர் கற்பித்து வந்துள்ளனர். ஜொய்சும் இதற்கு இடமளித்துள்ளார். டப்ளினை முடக்குவாதத்தின் நடுவிடமாகக் கண்டே தாம் அக்கதைகளை எழுதியதாக 1906இல் தம் பதிப்பாளருக்கு அவர் அறிவித்தார். ஆனால், கதாசிரியரின் விளக்கத்திலும் கதை தரும் விபரங்களே நம்பத்தக்கவை என்பது எமது கருத்து.

ஈவ்லின் கடையொன்றில் வேலை செய்கின்றாள். கூலி ஏழு சிலிங். அது முழுவதையும் தந்தையிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செலவுக்கு அவரிடமே காசு பெறுவதற்காகச் சனிக்கிழமை இரவுதோறும் போராட வேண்டியிருக்கின்றது. ஊதாரி என்ற ஏச்சையும் கேட்டபின், மறுநாட் சமையலுக்கு வேண்டியதை வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடுகின்றாள். தாய் இறந்துவிட்டாள். ஒரு சகோதரன் இறந்துவிட்டான். மற்றவனாகிய ஹரி தொழிலின் பொருட்டு வெளியூர்களில் இருந்தவாறே இயன்ற காசை அனுப்புகின்றான். ஆயினும் சிறுவர் இருவரைப் பராமரிப்பதும், குடித்துவிட்டு வரும் தந்தையின் மிரட்டலைத் தாங்குவதும் ஈவ்லினுக்கே உரியனவாகின்றன. இயன்ற காலம்வரை வீட்டைக் காப்பதாகத் தாயின் மரணப்படுக்கையில் வாக்களித்தவளும் அவளே. ஒரு குடும்பத்தின் கூலியில்லா உழைப்பு முழுவதும் ஒருத்தியின் தோளிலே சுமத்தப்பட்டிருக்கையில், அவளுடைய தயக்கத்தை மனோவியாதி என்பது எவ்வாறு பொருந்தும்?

மறுபுறம், 1972இல் ஹியூ கென்னர் என்னும் விமர்சகர் பிராங்கையே சந்தேகித்தார். டப்ளினின் அத்துறையிலிருந்து புறப்படும் இரவுக் கப்பல் லிவர்ப்பூலுக்குச் செல்வது. எனவே மாலுமி பொய்யனாக இருக்கலாம் என்பது அவர் வாதம். இது கூர்மையான வாசிப்புத்தான். எனினும், பிராங்க் நல்லவனா பொய்யனா என்பதிலேயே பிரச்சினை முடிந்துவிடுவதில்லை.

கதை அச்சேறிய மறுமாதம், 1904 ஒக்டோபரில், அதே துறையிலிருந்து உண்மையாகவே ஒரு பெண் கப்பலேறினாள். அவள் விடுதிப் பணிப்பெண்ணாக இருந்த இருபது வயது நோரா பார்னக்கிள். உடன் சென்றவர் ஜொய்ஸ். சூரிச்சில் ஆசிரியத் தொழில் காத்திருப்பதாக ஜொய்ஸ் நம்பியிருந்தார். அங்கு சென்றபோது அத்தகைய இடம் இருக்கவில்லை. இருவரும் சட்டப்படி மணந்துகொண்டது 1931இலேயே. ஜொய்ஸ் பொய்யர் அல்லர். ஆயினும் அவர் நம்பிய வாக்கு வெறுமையாயிற்று. பட்டமும் பன்மொழியறிவும் உடைய அவரே இவ்வாறு ஏமாற நேர்ந்ததெனில், ஏழு சிலிங் கூலிக்காரி எதைக் கொண்டு உண்மையறிவாள்? இன்றும் தரகரின் வார்த்தை தவிர வேறு ஆதாரமின்றிப் பயணப்படுவோர் உளர். 2024இல் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களிலிருந்து எமது நாட்டு இளைஞர் மீட்கப்பட்ட செய்தியை நாம் மறந்துவிடுவதற்கில்லை.

இவ்விடத்திலேதான் கதையின் குறைபாட்டையும் சுட்ட வேண்டியுள்ளது. 1840களின் பெரும் பஞ்சத்துக்கு முன் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்தின் சனத்தொகை, 1901இல் சுமார் நாற்பத்தைந்து இலட்சமாகக் குறைந்திருந்தது. அக்காலத்தில் வெளியேறியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். அவர்களிற் பலர் தனித்துச் சென்ற இளம் பெண்கள். அமெரிக்க நகரங்களில் வீட்டு வேலை செய்து, அந்தச் சம்பளத்தில் தங்கைக்குக் கப்பற் சீட்டு அனுப்பினர்; வந்த தங்கை அடுத்தவளை அழைத்தாள். ஈவ்லினைக் காட்டிலும் அவர்கள் துணிச்சல் மிக்கவர்கள் என்று கொள்ள நியாயமில்லை. அக்கரையில் அவர்களுக்கு ஓர் அக்காள் இருந்தாள். அவளுடைய கடிதம் இருந்தது. கூலி இவ்வளவு, வேலை இன்னது என்ற செய்தி இருந்தது. ஈவ்லினுக்கு அக்கரையில் இருந்தது ஓர் ஆடவனின் சொல் மட்டுமே. மெல்பேர்னுக்குச் சென்ற ஒரு குருவானவரின் பழுப்பேறிய படம் அவள் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது; அவருடைய பெயரைக்கூட அவள் அறியாள். சென்றோருக்கும் இருப்போருக்குமிடையே அறுந்துபோன தொடர்பை இதனினும் சிக்கனமாகக் காட்டவியலாது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கதாசிரியர், முடிவிலே அவளைச் செயலற்ற விலங்காக நிறுத்தி அமைந்துவிடுகின்றார். கூட்டாக வழிகண்ட பெண்களின் நிழல்கூட அவருடைய டப்ளினிலே விழவில்லை. நோய்க்குறியைத் துல்லியமாகத் தீட்டிய கலைஞர், அதனை நோயாளியின் இயல்பாக மயங்கினார் என்றே கூறத் தோன்றுகின்றது.

ஆயினும் இக்கதை எம்மவர் கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்று. ‘நான் போகட்டுமா, சேர்?’ என்று ஒரு மாணவி கேட்கும்போது, தேசபக்திப் பிரசங்கமோ ஊக்க வார்த்தையோ அவளுக்கு உதவா. அவள் நிற்கின்ற வீட்டின் கணக்கை நாம் அவளோடு சேர்ந்து பார்த்தல் வேண்டும். அவளது கூலி எவர் கைக்குச் செல்கின்றது? அவள் சென்றால் பிள்ளைகளையும் முதியோரையும் பார்ப்பவர் யார்? சகோதரன் அப்பங்கை ஏற்பானா? அக்கரையில் அவளுக்கு அறிந்தவர் உண்டா, ஒப்பந்தம் உண்டா, விரும்பினால் திரும்பிவர வழியுண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் அவள் சென்றாலும், நின்றாலும், அது அவளுடைய முடிவாக இருக்கும்.

விடையொன்றும் கிடைக்காமலே ஈவ்லின் துறைமுகம் வரை நடந்தாள். யன்னலிலிருந்து துறைமுகம் வரையுள்ள அந்த வழியை ஜொய்ஸ் எழுதாது விட்டார். எமது மாணவர்கள் அவ்வழியைத் தனியே நடவாதிருக்கச் செய்வது ஆசிரியர்களாகிய எமது கடமையாகும்.