சுழி மின்னழுத்த முகடும் மயோரானா நிலையும்: குவாண்டம் புள்ளிச் சான்றுகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு நிலையின் இருப்பை நிறுவ, அது தரும் விளைவைக் காட்டினால் போதுமா? அல்லது அவ்விளைவை வேறெதுவும் தர இயலாது என்பதையும் காட்ட வேண்டுமா? இடத்தியல் மீக்கடத்திகள் குறித்த ஆய்வுகள் இவ்வினாவை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டுள்ளன. அம்மீக்கடத்திகளோடு இணைந்த குவாண்டம் புள்ளிகளின் வழியே நிகழும் மின்கடத்தல், மயோரானா நிலைக்கு எந்த அளவு சான்றாகும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கருதுகோள்

ஒருபரிமாண மீக்கடத்தித் தொடரின் இரு முனைகளிலும் சுழி ஆற்றலுடைய மயோரானா நிலைகள் தோன்றக்கூடும் என்பதை 2001இல் அலெக்ஸி கித்தாயெவ் காட்டினார். ஓர் எலக்ட்ரான் நிலை இரு பாதிகளாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்திருப்பதாக இதனைக் கருதலாம். ஒரு முனையில் நேரும் சிறு இடையூறு முழு நிலையையும் குலைப்பதில்லை. குவாண்டம் கணினிக்கு இந்நிலை நாடப்படுவதற்கு இதுவே காரணம்.

வலிமையான தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்புடைய குறைக்கடத்தி நானோ கம்பியைச் சாதாரண மீக்கடத்தியோடு சேர்த்துக் காந்தப்புலத்தில் வைத்தால் இந்நிலையைப் பெறலாம் என்று 2010இல் இரு குழுக்கள் முன்மொழிந்தன. 2012இல் டெல்ஃப்ட் குழுவினர் இண்டியம் ஆன்டிமோனைடு கம்பியில் சுழி மின்னழுத்தத்தில் ஒரு கடத்துதிறன் முகட்டைக் கண்டனர். கண்ட முகட்டின் உயரமோ கோட்பாடு கூறிய அளவைவிட மிகக் குறைவு.

புள்ளி தரும் அளவுகோல்

எலக்ட்ரான்களை எண்ணி அடைக்கத்தக்க நானோ அளவிலான சிறு பகுதியே குவாண்டம் புள்ளி. இதனைக் கம்பியின் முனையில் இணைத்து, புள்ளியின் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் முறையை லியூ, பாரங்கர் ஆகியோர் 2011இல் முன்வைத்தனர். எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடியைப் பிளாங்க் மாறிலியால் வகுத்துவரும் அளவை ஓரலகு எனக் கொள்வோம். கம்பி சாதாரண நிலையில் இருந்தால் முகட்டின் உயரம் 1. மயோரானா நிலை இணைந்தால் 1/2. வழக்கமான ஃபெர்மியான் சுழிநிலை இணைந்தால் 0. மூன்று விடைகளும் தெளிவாக வேறுபடுகின்றன என்பதே இம்முறையின் சிறப்பு.

எனினும், இக்கணக்கீடு மூன்று நிபந்தனைகளின்மேல் நிற்கிறது. புள்ளியில் தற்சுழற்சி கணக்கில் கொள்ளப்படவில்லை, இரு மின்முனைகளும் புள்ளியோடு சமமாக இணைந்துள்ளன, வெப்பநிலை தனிச்சுழி. இவற்றுள் இரண்டாவதை மட்டும் தளர்த்திப் பார்ப்போம். மயோரானா நிலையே இல்லாத சாதாரணப் புள்ளியில், இரு இணைப்புகளின் விகிதம் ஏறத்தாழ 5.8 ஆக இருந்தால் முகட்டின் உயரம் அதே 1/2 ஆகிவிடும். வெப்பநிலை உயர்வும் முகட்டைத் தாழ்த்தும். ஆகவே 1/2 என்ற எண் தனித்து நின்று சான்றாவதில்லை. இணைப்புகள் மாறாதிருக்கையில், கம்பி நிலைமாறும் தருணத்தில் உயரம் பாதியாகக் குறைவதே பொருளுடைய சான்று. நிலைமாற்றத்தைத் தூண்டும் காந்தப்புலமோ புள்ளியின் ஆற்றல் மட்டங்களையும் நகர்த்திவிடுகிறது. இவ்விரு விளைவுகளையும் பிரித்தறியாத அளவீடு முழுமையுடையதன்று.

இடையூறாகவும் கருவியாகவும்

புள்ளி எப்போதும் ஆய்வாளரின் விருப்பத்தால் மட்டுமே அமைவதன்று. கம்பியின் முனையில் மின்னழுத்தம் சீரற்றிருந்தால் அது தானாகவே உருவாகும். கோபன்ஹேகன் குழுவினர் 2016இல், முனையில் புள்ளியுடைய கம்பியில் ஆந்திரேயவ் பிணைநிலைகள் சுழி ஆற்றலில் ஒன்றிணைவதை வெளியிட்டனர். அவ்வாறான ஒன்றிணைவை இடத்தியல் தன்மையற்ற நிலைகளும் தரக்கூடும் என்று 2017இல் ஒரு கோட்பாட்டு ஆய்வு காட்டியது. 2010ஆம் ஆண்டு முன்மொழிவின் ஆசிரியர்களான சாவ், தாஸ் சர்மா ஆகியோர் இவ்வாய்வின் ஆசிரியர்களுள் அடங்குவர். தம் முன்மொழிவுக்கு ஆதரவாகக் கொள்ளப்பட்ட சான்றைத் தாமே ஐயுற்றமை இத்துறையின் சிறந்த திறனாய்வுச் செயலாகும்.

இவ்வெச்சரிக்கைக்குப் பின்னரும், நேரடி ஊடுருவல் அளவீட்டில் முகடு துல்லியமாக 2 என்ற அளவை எட்டியதாக 2018இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. விரிந்த தரவுகளை மீளாய்ந்தபோது அக்கூற்று நிலைபெறவில்லை. 2021இல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். எதிர்பார்த்த எண் கிடைத்தவுடன் தேடலை நிறுத்துவதன் விளைவை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பிற்கால ஆய்வுகளில் கூற்றின் எல்லை தெளிவாகக் குறிக்கப்படுவதைக் காண்கிறோம். 2023இல் இரு புள்ளிகளை மீக்கடத்தி வழியே இணைத்து மிகச் சிறிய கித்தாயெவ் தொடர் உருவாக்கப்பட்டது. இதில் கிடைக்கும் நிலைகள் இடத்தியல் பாதுகாப்பு அற்றவை என்பது வெளிப்படையாகவே ஏற்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் குழுவின் 2025ஆம் ஆண்டு கட்டுரையும், புள்ளிகளைக் கொண்டு செய்த ஒற்றை–இரட்டை அளவீடு மட்டுமே அந்நிலை இடத்தியல் தன்மையதா என்பதைத் தீர்மானிக்காது என்றே கூறுகிறது.

முடிவுரை

குறை கணக்கீட்டில் இல்லை. நிபந்தனையோடு கூறப்பட்ட முடிவை நிபந்தனையின்றி வாசிப்பதிலேயே உள்ளது. எனவே புள்ளி வழிக் கடத்தலை ஆராய்வோர், இரு இணைப்புகளின் அளவையும் தனியே மதிப்பிட்டு வழங்குதல் வேண்டும். தேர்ந்த பகுதியை மட்டுமன்றி முழு அளவீட்டு எல்லையையும் வெளியிடுதல் வேண்டும். கம்பியின் மறுமுனையிலும் ஒத்த மாற்றம் நிகழ்கிறதா என்று காட்டுதல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும்வரை, கண்டதைச் ‘சுழி ஆற்றல் நிலை’ என்று குறிப்பதே பொருத்தமாகும். மயோரானா என்னும் பெயர் ஆய்வின் முடிவில் பெறப்பட வேண்டியது. தொடக்கத்திலேயே சூட்டப்பட வேண்டியதன்று.