பங்களாவின் பின்புறம்

நம் கதாசிரியர்களுக்கு மலை பங்களா என்றால் தனிப் பிரியம். பனிமூட்டம், கண்ணாடி ஜன்னல், கீழே பள்ளத்தாக்கு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவிடுகிறோம். அந்த பங்களா நிற்கிற சமதரை எங்கிருந்து வந்தது என்று கதாநாயகியும் கேட்பதில்லை, ஆசிரியரும் சொல்வதில்லை. செங்குத்தான சரிவில் சமதரை என்பது மலை கொடுத்ததல்ல; மலையிடமிருந்து வெட்டி எடுத்தது. ஆகவே மலை வீட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வருகிறவர், நாவலாசிரியரானாலும் விமரிசகரானாலும், முதலில் அதன் பின்புறத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வேலை பார்வைக்குச் சுலபம். சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவினால் மனை தயார். மண்ணை வெளியே சுமந்து போகிற கூலியும் மிச்சம். ஆனால் வெட்டின பாதி நெடுங்காலமாக இறுகிய நிலம். கொட்டின பாதி நேற்று வந்த மண். இரண்டின் மேலும் ஒரே வீட்டைக் கட்டினால் ஒரு பாதி அமுங்கும், மறு பாதி அமுங்காது. நடுவில் சுவர் வெடிக்கும். பின்னால் நிற்கிற வெட்டோ, தன்னைத் தாங்கிய அடிமண்ணை இழந்து நிற்கிறது. மழைநீர் உள்ளே இறங்கினால் மண்ணின் கனம் ஏறும், பிடிப்பு தளரும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972 ஜூன் 18 அன்று, சில நாள் பெருமழைக்குப் பின், ஹாங்காங்கில் இரண்டு விதமான ஆபத்தும் ஒரே நாளில் வந்தன. சாவ் மாவ் பிங்கில், இறுகாமல் கொட்டியிருந்த மண் சேறாக ஓடி 71 பேரைப் பலிகொண்டது. போ ஷான் சாலையில், கட்டிடத்துக்காக அடியில் வெட்டியிருந்த சரிவு பெயர்ந்து, பல மாடிக் குடியிருப்பு ஒன்றைச் சாய்த்தது. அங்கே 67 பேர். 1976-ல் சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் 18 பேர் மாண்டார்கள். 1977-ல்தான் சரிவுகளைக் கண்காணிக்க அரசாங்கத்தில் தனி அலுவலகம் ஏற்பட்டது.

அதற்காக மலையில் வீடே கூடாது என்று சொல்லவில்லை. பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில், 15-ஆம் நூற்றாண்டில் இன்கா மக்களும் சரிவில் சமதரை செய்தவர்கள்தாம். ஒரே பெரிய வெட்டாக வெட்டாமல் சிறு சிறு படிகளாக அமைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் கல் சுவர். அதற்குப் பின்னால் அடியில் கல், மேலே சரளை, அதற்கும் மேலே மண். தண்ணீருக்கு எதிராக அணை கட்டவில்லை. அது வடிந்து போக வழி விட்டார்கள். பார்ப்பவர் புகழ்கிற அழகெல்லாம், பார்வைக்குப் படாத அந்தக் கல்லையும் சரளையையும் நம்பித்தான் இன்றும் நிற்கிறது.

நாவலுக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஜன்னலை மட்டும் வர்ணிக்கிறவர் மலையைப் படத்தில் பார்த்தவர். தாங்குசுவரில் நீர் கசிய விட்ட துவாரங்களையும், மேலே வெட்டிய வாய்க்காலையும் ஒரு வரியில் சொல்லிப் போகிறவர் அங்கே ஒரு மழைக்காலமாவது இருந்தவர். அடுத்த முறை கதையில் மலை பங்களா வந்தால், சமையல்காரன் பின்கதவைத் திறக்கிற இடத்தைத் தேடிப் படியுங்கள். அவன் எதிரே என்ன நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.