சிறைமீட்சியும் மீளாமையும்

போரில் அகப்பட்டோரைப் பகைவர் தம்முள் மாற்றிக்கொள்ளுதல் தொன்மையான வழக்கம். இசுரேலுக்கும் அதன் அண்டை அரபு மக்களுக்கும் இடையே நிகழும் பூசலில் இவ்வழக்கம் முடிவிலாத் தொடராய் வளர்ந்துள்ளது. 1973 போரின் முடிவில் 8,000க்கு மேற்பட்ட எகிப்தியர் ஒருபுறமும், 200க்கு மேற்பட்ட இசுரேலியர் மறுபுறமுமாக மாற்றப்பட்டனர். 1979 ஏப்பிரலில் நகரியா ஊரில் நால்வர் இறந்த தாக்குதலுக்காகத் தண்டனை பெற்ற சமீர் குந்தார் 2008 சூலையில் விடுவிக்கப்பட்டார். 2006இல் எல்லையில் கைப்பற்றப்பட்ட இரு வீரரின் உடல்களே மாற்றாகக் கிடைத்தன. 2011 அக்டோபரில் ஒரு வீரனுக்கு ஈடாக 1,027 பேர் வெளிவந்தனர். அவருள் ஒருவரான யாகியா சின்வார் 2023 அக்டோபர் 7 தாக்குதலை வகுத்தோருள் தலையாயவர். அன்று ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணையராயினர். பின்னர்க் காசாவில் மூண்ட போரில் பல்லாயிரவர் மாண்டனர். மாற்றங்களும் மீண்டும் நிகழ்ந்தன.

இக்கணக்கில் மாற்றம் முடிந்த அளவில் ஒருவன் ‘மீண்டான்’ எனப்படுகிறான். அம்மீட்சி யாது என்னும் வினாவை எழுப்புவது டேவிட் கிராஸ்மன் 2008இல் எபிரேய மொழியில் வெளியிட்ட நாவல். ‘செய்திக்கு அஞ்சி ஓடும் பெண்’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஆங்கிலப் பெயர்ப்பு வேறொரு தலைப்புடன் 2010இல் வெளிவந்தது. இந்நூலை மகனை இழக்க அஞ்சும் தாயின் கதையாகவே பலரும் கொள்வர். சிறைமீண்டான் ஒருவனின் கதையாகக் கொள்ளின் இதன் அமைப்பு மேலும் தெளிவுறும் என்பதே ஈண்டு யாம் நிறுவ முற்படுவது.

மகன் ஓபர் போர்முனை சென்றதும், இறப்புச் செய்தி கொணர்வார் தன்னைக் காணலாகாது என ஓரா வீட்டைவிட்டு நீங்கிக் கலிலேய மலைவழியே நடக்கிறாள். உடன் செல்பவன் அவ்ராம். 1973இல் அவனும் அவன் நண்பன் இலானும் படையில் இருந்தபோது, விடுப்புப் பெறுவார் யார் எனத் துணிய ஓராவைச் சீட்டெடுக்கச் செய்தனர். அதன் பயனாய்ச் சூயசுக் கால்வாய்க் காவலரணில் இருக்க நேர்ந்த அவ்ராம் சிறைப்பட்டுக் கொடுந்துன்பம் உற்றான், பின்னர் மீட்கப்பட்டான். ஆயினும் சொல்லாற்றலில் சிறந்திருந்த அவன் எழுத்தைத் துறந்தான். ஓபர் தன் மகனே என அறிந்தும் அவனைக் காண மறுத்தான். அரசின் பதிவேட்டில் அவன் மீண்டவன், வாழ்விலோ மீளாதவன்.

ஆதலின் நடைவழியில் ஓரா மகனைப் பற்றிக் கூறும் ஒவ்வொரு செய்தியும் இருதொழில் புரிகின்றது. மகனைச் சொல்லால் உயிருடன் காக்க முயல்வது ஒன்று. அவ்ராமை மெல்ல மெல்ல உலகிற்கு மீட்பது மற்றொன்று. நாவலின் நீளத்தைக் குறையென்பார் இவ்விரண்டாவதை நோக்கிலர். ஒப்பந்தம் ஒருநாளில் செய்த மாற்றத்தை நிறைவுறுத்த எத்துணைக் காலம் வேண்டும் என்பதை அந்நீளமே உணர்த்துகின்றது.

ஆசிரியரின் மகன் 2006 ஆகத்தில், இலெபனான் போரின் இறுதி நாள்களில் இறந்தான். இதுபற்றி நூலைக் கையறுநிலையாகக் கொள்வாரும் உளர். நூற்பணி 2003இல் தொடங்கியது. பெரும்பகுதி அவ்விறப்பிற்கு முன்னரே எழுதப்பட்டது. அச்சத்திற் பிறந்த நூலை இரங்கற்பாவாக்கின், ஓபரின் முடிவைக் கூறாமலே கதையை நிறுத்திய துணிவு மறைந்துவிடும்.

தமிழ் மாணவர்க்கு ஈண்டு ஒரு செய்தி நினைவிற்கு வரும். குடவாயிற் கோட்டத்துச் சிறையில் மானத்தால் உயிர்நீத்தான் சேரமான் கணைக்கால் இரும்பொறை என்பது புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குறிப்பு. பொய்கையார் களவழி பாடி அவனை மீட்டார் என்பது பிற்கால மரபு. இவ்விரண்டும் முரணினும் ஒன்றில் ஒக்கும்: மீண்டவன் வாழ்ந்த வாழ்வை இரண்டும் கூறவில்லை. அவ்விடைவெளியே கிராஸ்மனின் களம்.

எனினும் நூலின் குறை ஒன்றைச் சுட்டாதிருத்தல் ஆய்வாகாது. மாற்றம் என்பது இருபாற்பட்டது. மறுபாலிலும் சிறைமீண்டாரும், அவர்க்காகக் காத்திருந்த தாயரும் உண்டு; விடுவிக்கப்பட்டவன் கையால் மகவிழந்தாரும் உண்டு. இவர் எவர்க்கும் இந்நூலில் குரலில்லை. அரபு ஓட்டுநர் சாமி உளன். ஓபரைப் படை கூடுமிடத்திற்கு அழைத்துச் செல்ல அவனையே ஓரா அமர்த்துகிறாள். தன் செயலின் கொடுமையைப் பின்னரே உணர்கிறாள். அப்பகுதி ஆற்றல் மிக்கது. ஆயின் அவனை ஓராவின் குற்றவுணர்வு வழியாகவே காண்கிறோம். அவன் தன் வீட்டில் தன் மக்களோடு பேசுவதை அவ்வளவாகக் கேட்டிலோம். ஒருத்தியின் நோக்கில் இயலும் நாவலுக்கு இது இயல்பே எனலாம். அவ்வாறு கொள்ளினும் எல்லை எல்லையே.

நகரியாவில் தொடங்கிய ஒரு கணக்கு 2008இல் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. 2011இல் தீர்ந்த மற்றொன்று 2023இல் மீண்டும் திறந்தது. மாற்றம் செய்தல் தகுமா தகாதா என்னும் வழக்கில் இந்நாவல் எப்பக்கமும் சாரவில்லை. விடுவித்தல் அரசின் வினை. மீட்டல் மாந்தர் வினை என அது பிரித்துக் காட்டுகின்றது. பின்னதை எவ்வுடன்படிக்கையும் எழுதியதில்லை. அதனை எழுத முயன்றமையே இந்நூலின் பெருமை. ஒருபால் மட்டும் எழுதியமை அதன் எல்லை. மறுபால் நூல்களையும் உடன்வைத்துக் கற்பதே இனிச் செய்யத்தக்க ஆய்வாகும்.