‘கொரில்லா’வும் பாசம் தேடும் பருவமும்

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நம்மிடையே பெரும்பாலும் இயக்க அரசியலைக் கூறும் நாவலென்றே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. அவ்வாசிப்புத் தவறன்று. பிரான்சில் புகலிடம் வேண்டி எழுதும் விண்ணப்பத்துடன் தொடங்கும் நாவல் வேறெதைக் கூறும்? ஆயினும் அதன் அடிநாதம் வேறோரிடத்தில் உளது: யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கிராமமொன்றில் தந்தையின் அடிக்கு அஞ்சி வளரும் பையனின் நெஞ்சில்.

ரொக்கிராஜின் தந்தை ஊர்ச் சண்டியன். அவருடைய பட்டப்பெயரே நாவலின் பெயர். அவர் சண்டித்தனம் படலைக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. அத்தகைய வீட்டைவிட்டு இயக்கத்துக்குச் செல்லும் பிள்ளை விடுதலையை மட்டுமா தேடுகிறான்? தன்னையும் ஓர் ஆளாக மதிக்கும் மூத்தவனை, கூடவிருந்து உண்ணும் தோழனைத் தேடுகிறான். அந்த இயக்கமே பின்னர் அவனை வதைக்கும்போது சிதைவது அரசியல் நம்பிக்கை மட்டுமன்று. வீட்டில் கண்ட அதே கை மறுபடியும் அவன்மேல் ஓங்குகிறது. இதனை ஆசிரியர் கண்ணீர் கலவாமல், பலவிடங்களில் எள்ளலோடு எழுதியிருப்பதே அவரது வெற்றி.

ஆங்கில உளவியலறிஞர் ஜோன் போல்பி 1944இல் 44 இளந்திருடர்களைப் பற்றி எழுதினார். அன்புணர்வே வற்றியோரென அவர் கண்ட 14 பேருள் 12 பேர் குழந்தைப் பருவத்தில் தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். ‘கொரில்லா’ காட்டுவதோ பிரிவையன்று. பிரியாது உடனிருக்கும் தந்தையை. அன்றியும், பாசம் தொட்டிலோடு முடிந்துவிடுவதில்லை, பதினைந்து வயதிலும் அது புதிய இடந்தேடிப் படரும் என்பதையும் இந்நாவல் உணர்த்துகிறது.

நமது முற்போக்கு விமர்சனம் பாசத்தைக் குடும்பக் கதைக்காரருக்கே விட்டுக்கொடுத்துவிட்டது. கூலியும் சாதியும் சமுதாயப் பிரச்சினைகளெனில், அடிபட்ட பிள்ளை யாரிடம் போய் ஒட்டிக்கொள்கிறான் என்பதும் சமுதாயப் பிரச்சினையே. யுத்தம் 2009இல் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் குழுக்கள் தலையெடுத்தன. அவற்றில் அகப்பட்ட பையன்களுக்காகப் பொலிசாரின் கெடுபிடியையே நாம் வேண்டி நின்றோம். அவர்களுள் எத்தனை பேரை முதன்முதலில் வாஞ்சையோடு ‘மச்சான்’ என்றழைத்தது அக்குழுவோ, யார் கேட்டோம்?

நாவலில் எனக்கொரு குறையுண்டு. தாயின் மனம் போதிய அளவு திறக்கப்படவில்லை. மகன் அவளிடத்தில் ஏன் தங்கமுடியவில்லை, அவன் போனபின் அவள் அந்த வீட்டில் எவ்வாறு இருந்தாள் என்பவற்றைத் தந்தைக்குத் தந்த பக்கங்களிற் பாதியிலேனும் ஆசிரியர் எழுதியிருக்கலாம்.