வெப்பவியக்கவியல் நூல்களும் நமது விறகும்: ஒரு விமரிசன நோக்கு

பொறியியல் மாணவர் பயிலும் வெப்பவியக்கவியல் நூல்களில் தகனக் கணிப்புப் பற்றிய அத்தியாயமே மிக எளிதானதெனக் கருதப்படுகின்றது. எரிபொருளிலுள்ள காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் விகிதம் தரப்படும். அதனை முற்றாக எரிக்க வேண்டிய வளி எவ்வளவு, வெளியேறும் வாயுக்களின் அமைப்பு யாது, பெறப்படும் வெப்பம் எத்துணை என்பவற்றை மாணவன் கணிப்பான். இதற்கு வேண்டிய கணிதம் பாடசாலைக் கணிதமே. ஆயினும் எந்த எரிபொருள், யாருடைய உலை, எவரது தேவை என்னும் வினாக்கள் அக்கணிப்பினுள் மறைந்து கிடக்கின்றன. அவற்றை வெளிக்கொணர்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரோஜர்ஸ், மேகியூ ஆகியோர் 1957இல் வெளியிட்ட நூலும், ஈஸ்ட்டொப், மக்கொங்கி ஆகியோர் 1963இல் வெளியிட்ட நூலும் இத்துறையிற் பெரிதும் அறியப்பட்டவை. அவற்றின் தெளிவும் ஒழுங்கும் மறுக்கற்பாலன அல்ல. ஆனால் அவை காட்டும் எரிபொருள்கள் பெரும்பாலும் நிலக்கரியும் பெற்றோலிய வகைகளுமேயாம். இதனை அந்நூலாசிரியர்களின் குறையாகக் கூறுவது பொருந்தாது. அவர்கள் தம் நாட்டுக் கைத்தொழிலை நோக்கி எழுதினர். 1824இல் சாடி கார்னோ நெருப்பின் இயக்குவலு பற்றிச் சிந்தித்தமைக்கும் அவர் காலத்து நீராவிப் பொறிகளே தூண்டுதலாயின. கோட்பாடு உலைக்களத்திற் பிறந்தது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். நாமோ கோட்பாட்டைப் பெற்றுக்கொண்டு, நமது உலைக்களத்தை மறந்துவிட்டோம்.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற ஒரு கிராமப்புறப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கு நிலக்கரி இல்லை, விறகு உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சமையல் எரிவாயு கிடைக்காதபோது, விறகடுப்பைக் கைவிட்டிருந்த நகர மக்களும் அதனிடமே மீண்டனர். மாத்தளையின் மிளகுத் தோட்டங்களிற் கொடிக்குத் தாங்குமரமாக நிற்கும் கிளிரிசிடியா, 2005இல் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசினால் அறிவிக்கப்பட்டது. அதன் எரிபொருட் பயனும் அவ்வறிவிப்புக்கு ஒரு காரணமாகும். எனவே நமது பொறியியலாளன் கணிக்கவேண்டிய முதல் எரிபொருள் விறகேயாம்.

அக்கணிப்பைச் செய்து பார்ப்போம். உலர்ந்த மரத்தில் நிறைப்படி ஏறத்தாழ 50 சதவீதம் காபனும், 6 சதவீதம் ஐதரசனும், 43 சதவீதம் ஒட்சிசனும் உள எனக் கொள்ளலாம். ஒரு கிலோகிராம் காபனுக்கு 2.67 கிலோகிராம் ஒட்சிசனும், ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு 8 கிலோகிராம் ஒட்சிசனும் வேண்டும். மரத்திலேயே உள்ள ஒட்சிசனைக் கழிக்க, ஒரு கிலோகிராம் உலர்மரத்துக்கு ஏறத்தாழ 1.38 கிலோகிராம் ஒட்சிசன், அதாவது 6 கிலோகிராம் வளி தேவைப்படுகின்றது. உலர்மரத்தின் தேறிய வெப்பப் பெறுமானம் கிலோகிராமுக்கு 18.7 மெகாயூல் அளவினது. ஆனால் உலர்மரம் அடுப்புக்கு வருவதில்லை. புதிதாக வெட்டிய விறகின் நிறையிற் பாதி நீராக இருக்கலாம். அந்நீரை ஆவியாக்கும் வெப்பத்தையும் கழித்தால், கிலோகிராமுக்கு 8.1 மெகாயூலே எஞ்சும். நீர் 20 சதவீதமாகும்வரை உலர்த்திய விறகு 14.5 மெகாயூல் தரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. 8.1 எங்கே, 14.5 எங்கே என வியந்து, உலர்த்துவதால் வெப்பம் ஏறத்தாழ இரட்டிக்கும் என எழுதுவது தவறாகும். ஒரு கிலோகிராம் பச்சை விறகு 20 சதவீத ஈரத்துக்கு உலரும்போது 0.625 கிலோகிராமாகக் குறைகின்றது. அது தரும் வெப்பம் 9 மெகாயூல். எனவே அதே விறகினின்றும் பெறும் மெய்யான ஆதாயம் பத்தில் ஒரு பங்கு அளவினதே. ஏனைய வேறுபாடு நிறையின் வேறுபாடு மாத்திரமே. ஆயினும் அந்த நிறைக்கும் சமூகப் பொருள் உண்டு. நிறைப்படி விறகு வாங்குபவர் நீருக்கும் விலை கொடுக்கின்றார். முப்பது கிலோகிராம் பச்சை விறகைத் தலையிற் சுமந்து வரும் பெண் பதினைந்து கிலோகிராம் நீரையும் சேர்த்தே சுமக்கின்றாள். ஒரே கணிப்பு வெப்பம் பற்றி ஒன்றையும், உழைப்புப் பற்றி மற்றொன்றையும் கூறுகின்றது. நூல்கள் முன்னதை மட்டுமே கேட்கின்றன.

உலர்த்துதலின் பெரும்பயன் சுவாலையின் வெப்பநிலையிலும் தகனத்தின் முழுமையிலுமே தங்கியுள்ளது. ஒரு கிலோகிராம் காபன் காபனீரொட்சைட்டாக எரியும்போது ஏறத்தாழ 32.8 மெகாயூல் வெளிப்படும். காபனோரொட்சைட்டாகவே நின்றுவிட்டால் 9.2 மெகாயூல் மாத்திரமே கிடைக்கும். ஈரவிறகும் போதிய வளியின்மையும் சேர்ந்து இந்நிலையைத் தோற்றுவிக்கின்றன. அடுப்படியிற் சூழும் புகை எரியாது வீணான எரிபொருளாகும்; அதுவே சமைப்பவரின் நெஞ்சையும் பாதிக்கின்றது. மறுபுறம், வளி மிகுந்தாலும் நட்டமே. விறகு மிகைவளியின்றி முற்றாக எரிந்தால், வெளியேறும் உலர்வாயுவின் கனவளவிற் காபனீரொட்சைட்டு 20 சதவீதமளவில் இருக்கும். புகைபோக்கியில் அது 10 சதவீதமெனக் காணப்பட்டால், தேவையான வளியைப் போல் இருமடங்கு உட்புகுந்து வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்கின்றது என்பது பொருள். தேயிலைத் தொழிற்சாலையின் விறகுலைக்கும் இவ்வளவீடு பொருந்தும்.

இனி மொழியை நோக்குவோம். இலங்கையின் உயர்தர வகுப்பு நூல்களில் வழங்கும் ‘நியமத் தகன வெப்பவுள்ளுறை’ என்னும் தொடர் கவனத்துக்குரியது. ‘தகனம்’ என்றதும் பொதுமகன் நினைப்பது சுடுகாட்டையே, அடுப்பை அன்று. ‘வெப்பவுள்ளுறை’ என்பதில் உள்ள குறை இதனினும் ஆழமானது. பொருளினுள் வெப்பம் உறைந்து கிடக்கின்றது என்னும் கருத்தை அச்சொல் தருகின்றது. வெப்பம் ஒரு பாய்பொருள் எனக் கொண்ட பழைய கொள்கையின் நிழல் அது. பீரங்கிக் குழாயைத் துளைக்கையில் வெப்பம் இடையறாது பிறப்பதை 1798இல் ரம்ஃபோர்டு விளக்கியபோதே அக்கொள்கை ஆட்டங் கண்டது. வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டினால் இடம்பெயரும் சக்தியேயன்றி, உள்ளே தங்கியிருக்கும் பண்டம் அன்று. இத்தவறு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய பெயரின் நேர்பெயர்ப்பே இச்சொல். பெயர்ப்போடு பிழையும் வந்து சேர்ந்தது.

இதனால் கலைச்சொல்லாக்கம் பயனற்றது என்பது பெறப்படாது. 1875இல் ‘கெமிஸ்தம்’ வெளிவந்த நாள் முதல் ஈழத்தறிஞர் விஞ்ஞானத் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் சொல்லை ஆக்குவதோடு பணி முடிந்ததெனக் கொள்வது மொழிப்பற்றாகலாம், அறிவுப்பணி ஆகாது. பேராதனையில் 1964 முதல் இயங்கிவரும் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழியிற் கற்ற மாணவர் சென்றதும் ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். அங்குக் கற்றதை உலைக்கு விறகிடும் தொழிலாளிக்கோ அடுப்பூதும் தாய்க்கோ எடுத்துரைக்க அவர்களிடம் மொழியும் இல்லை, எடுத்துக்காட்டும் இல்லை. இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

ஆகவே நமக்கு வேண்டியது மற்றொரு மொழிபெயர்ப்பு அன்று. விறகின் ஈரத்தை முதற் கணக்காகவும், அடுப்பின் புகையை இரண்டாவது கணக்காகவும், தேயிலை உலர்த்தும் உலையை மூன்றாவது கணக்காகவும் கொண்டு தொடங்கும் நூலே வேண்டும். விதிகள் எங்கும் ஒன்றே. ஆனால் எந்த உலையில் அவற்றைப் பரீட்சிப்பது என்னும் தேர்வு நம்முடையது. அத்தேர்வை இதுவரை பிறரிடமே விட்டிருந்தோம்.